தோட்டத்துக் கதைக்கு யார் குரல்? ஒலிநூல் வாசிப்பில் மனிதரும் இயந்திரமும்: பிரிஞ்சாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் கேள்வி

ஒலிநூலைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இப்போது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: செயற்கை நுண்ணறிவுக் குரல் வந்தபின் மனித வாசிப்பாளருக்கு வேலை மிஞ்சுமா? நியூயார்க்கிலும் லண்டனிலும் இது வயிற்றுப்பிழைப்புக் கேள்வி. அங்கே நூல் வாசிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சங்கம் உண்டு. தயாரான ஒலி ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கும் உண்டு. பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் பிரிஞ்சாங் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் நின்று கேட்டால் இதே கேள்வி பொருந்தாமல் நிற்கிறது. மலேசியத் தமிழில் நூல் வாசிப்பு ஒரு தொழிலாக இன்னும் வேர்விடவில்லை. இல்லாத வேலையை இயந்திரம் எப்படிப் பறிக்கும்?

அப்படியானால் அது இங்கே எதை எடுத்துக்கொள்கிறது, எதைத் தருகிறது என்பதுதான் இக்கட்டுரை ஆராயும் பொருள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இயந்திரக் குரல் இங்கே எவருடைய இன்றைய கூலியிலும் கை வைப்பதில்லை. நாளைக்கு நடந்திருக்க வேண்டிய ஒலிப்பதிவுகளை நடக்கவிடாமல் செய்துவிடும் என்பதே ஆபத்து. அந்தப் பதிவுகள் இல்லாமல் போனால் தோட்டத் தமிழைக் கற்றுக்கொள்ள இயந்திரத்துக்கே வழி இருக்காது.

கதை, நாவல், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். பாடநூல், செய்தி, அரசு அறிவிப்பு ஆகியவற்றின் கணக்கு வேறு. அவை கடைசிப் பகுதியில் வரும்.

2. இடமும் கேட்பவரும்

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறு நகரம். மேலே பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் குறித்துவிட்டுப் போன இந்த மலைநாட்டில் தேயிலை வேரூன்ற இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ நிறுவனத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய மில்ன் என்ற துரை அவருக்குக் கூட்டாளி. 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டம் வந்தது. ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டங்கள் பரவின. காடு வெட்டியதிலும் கன்று நட்டதிலும் கொழுந்து கிள்ளியதிலும் தமிழர் கைகள் பெரும்பங்கு. இன்றைக்கு மலையில் வேலை செய்வோரில் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியரும் நிறைய. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டார்கள்.

ஒலிநூலை இங்கே யார் கேட்பார்கள்? கொழுந்து எடுக்கும்போது கேட்கலாமே, கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். கிள்ளிக் கூடையில் போட்ட காலத்துக்கு அது சரி. இப்போது பல சரிவுகளில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடத்தும் வெட்டும் இயந்திரம் ஓடுகிறது. அந்த இரைச்சலில் கதையும் கேட்காது, கூப்பிட்டாலும் கேட்காது. ஆகவே கேட்கும் நேரம் வேறு இடங்களில்தான் இருக்கிறது. சமையற்கட்டில், காய்கறி அடுக்கும் கொட்டகையில், மலைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு இரவில் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ இறங்கும் லாரியில். கேட்பவர் வகைகளில் இரண்டு முக்கியமானவை. எழுதப் படிக்கத் தெரியாத, தமிழ் தவிர வேறு எதிலும் கதை கேட்டுப் பழகாத மூத்தவர்கள் ஒரு வகை. தேசியப் பள்ளியில் மலாய் படித்து வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத இளையவர்கள் இன்னொரு வகை. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருந்தும் இந்த இரண்டாம் வகையினர் பெருகித்தான் வருகிறார்கள். சென்னையில் ஒலிநூல் ஒரு வசதி. இவர்களுக்கோ புத்தகத்துக்குள் போக வேறு வாசலே இல்லை.

3. வாசித்துக் காட்டும் மரபு

தோட்ட மக்களுக்குப் பிறர் வாசிக்கக் கேட்பது புதிதல்ல. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படிப்பவர் அச்சில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கமாட்டார். தலையங்கத்தின் செந்தமிழைக் கேட்போர் முகம் பார்த்துப் பேச்சாக்கிச் சொல்வார். நடுவில் தன் கருத்தையும் சேர்ப்பார். தமிழில் வாசித்துக் காட்டுவது என்றாலே பாதி மொழிமாற்றம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிறகு வானொலி. 1946இல் மலாயா வானொலி அமைந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில், அரசு தன் பிரசாரத்துக்காகத் தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. நோக்கம் என்னவாயினும் பாட்டும் நாடகமும் அதன் வழியாகத்தான் வந்தன. நாவலாசிரியரும் பின்னாளில் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ரெ. கார்த்திகேசு வானொலியில் பணியாற்றியவர் என்பது இந்த நாட்டில் எழுத்தும் ஒலிபரப்பும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்குச் சான்று. இன்றைய மின்னல் பண்பலை அந்த மரபின் தொடர்ச்சி. ஆனால் வானொலி காற்றோடு போகும். நூல் முழுவதையும் வாசித்துச் சேமித்து, வேண்டியபோது கேட்கவைக்கும் வழக்கம் அதிலிருந்து பிறக்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்த வழக்கம் பிறந்தது. பாம்பே கண்ணன் கல்கியின் வரலாற்று நாவல்களைப் பல குரல்களோடும் இசையோடும் ஒலி நாடகமாகவே தந்தார். தீபிகா அருண் 'கதை ஓசை'யில் ஒற்றைக் குரலில் வாசித்துப் பெரிய கேட்போர் கூட்டத்தைச் சேர்த்தார். கல்கி ஏன் இவ்வளவு தடவை ஒலியாகிறார் என்று யோசித்தால் ஒரு சட்டக் காரணமும் அகப்படும்: அவர் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாயின, யாரும் அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. மலேசியத் தோட்ட வாழ்வை எழுதியவர்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்றவற்றை ஒலியாக்க முறையான ஒப்புதல் வேண்டும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுவரை உரிமை நிற்கும். தோட்டத்துக் கதை காதுக்கு வராததற்கு ஆள் இல்லாததும் பணம் இல்லாததும் மட்டும் காரணமல்ல.

4. இயந்திரம் வாசிக்கும் முறை

இயந்திரத்தின் வேலையை மூன்று படியாகப் பார்க்கலாம். முதலில் எழுத்தைச் சுத்தம் செய்கிறது: எண், சுருக்கம், குறி ஆகியவற்றைச் சொல்லாக விரிக்கிறது. அடுத்து, எழுத்து எந்த ஒலி, எந்த இடத்தில் நீட்டல், எங்கே நிறுத்தல் என்று ஊகிக்கிறது. கடைசியில் அந்த ஊகத்தை ஒலி அலையாக்குகிறது. பழைய முறையில், ஒருவர் ஒலிப்பதிவறையில் வாசித்ததைத் துண்டு துண்டாக நறுக்கி, வேண்டியதைப் பொறுக்கி ஒட்டினார்கள். ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்கு அசையையே துண்டாகக் கொண்டது. தமிழின் அமைப்புக்கு அது பொருந்திய தேர்வு. 2016இல் டீப்மைண்ட் வேவ்நெட்டை வெளியிட்டபின் ஒட்டுப்போடும் முறை பின்னுக்குப் போய், நரம்புப் பின்னல் வலையே அலையைப் படைக்கும் முறை முன்னுக்கு வந்தது.

இரண்டு முறைக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: யாரோ ஒருவர் வாசித்த பதிவு. எந்த ஊர்க்காரர், எந்த நூலை, எந்த நடையில் வாசித்தாரோ அதன் சாயல்தான் வெளியே வரும். ஐஐடி மெட்ராஸின் ஏஐ ஃபார் பாரத் ஆய்வகம் பேச்சுத் தரவை இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளில், இந்திய மாவட்டங்களில் திரட்டியது. பெரும்பணி அது. ஆனால் கேமரன் மலை எந்த இந்திய மாவட்டத்திலும் இல்லை.

மலேசியத் தமிழை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் தன் குரல் சேவையில் தமிழை நான்கு நாட்டு வழக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. தமிழ் ஒரே மொழியானாலும் ஒரே குரல் போதாது என்று ஒரு பெருநிறுவனமே ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம். ஆனாலும் கிள்ளானும் பினாங்கும் பிரிஞ்சாங்கும் மலேசியா என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

5. ஏட்டில் பிரிஞ்சாங் வந்தால்

5.1 எழுத்தும் ஒலியும்

தமிழ் நெடுங்கணக்கில் வல்லினம் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. மென்மையும் வன்மையும் இடத்தால் தெரியும். சொல்லின் முதலில் வரும் பகரம் வன்மையாகவே ஒலிக்கும் என்பது நம் மொழியின் பழைய ஒழுங்கு. மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. 'பிரிஞ்சாங்' என்பதன் முதல் எழுத்தை உள்ளூர்க்காரர் 'பாரத்' என்பதன் பகரம்போல மெலிதாகச் சொல்வார். 'பிரியம்' என்பதன் பகரம்போல அல்ல. ஏடு இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறது. 'பகாங்' என்பதன் ககரத்தை ஹகரம்போலச் சொல்ல வேண்டும். சிலர் இதற்காகவே 'பஹாங்' என்று எழுதுகிறார்கள்.

வேடிக்கையான சிக்கல் தேயிலையின் பெயரில் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்காக ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன்: 'கடைக்குப் போ, ஒரு பொட்டலம் போ வாங்கிட்டு வா.' முதல் 'போ' ஏவல். இரண்டாவது 'போ' தேயிலை. தோட்டத்தில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளை இதைத் தடுமாறாமல் வாசிக்கும். முதல் பகரம் அழுந்தி விழும், இரண்டாவது மெலிந்து நீளும். எழுத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம் இரண்டையும் ஏவலாக்கிவிட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. நம் எழுத்து அதற்கு எந்தத் துப்பும் கொடுக்கவில்லை.

இவ்வகைப் பிழைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உச்சரிப்பு அகராதி ஒன்றைச் சேர்த்தால் ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும் ஒரே நாளில் சரியாகிவிடும். 'ரி.ம. 12.50' என்பதைப் 'பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு' என்று விரிக்கச் சொல்லிக்கொடுப்பதும் அப்படியே. அகராதியை யார் உட்கார்ந்து தொகுப்பது என்பதுதான் மிச்சம்.

5.2 உரையாடல்

அகராதிக்கு அடங்காத சிக்கல் உரையாடலில் தொடங்குகிறது. தோட்டக் கதைகளில் வரக்கூடிய இரண்டு வரிகளை நானே எழுதிக்கொள்கிறேன்.

'மண்டோரு பெரட்டுக்கு நின்னுக்கிட்டு இருக்காரு. கூடைய எடு புள்ள, வெரசா வா.'

'வரேன்லா அக்கா, கத்தாதீங்க.'

முதல் வரி மூத்தவள் பேச்சு. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களம், மேற்பார்வை பார்க்கும் மண்டோர், ஊரிலிருந்து கொண்டுவந்த 'வெரசா' எல்லாம் அதில் இருக்கின்றன. 'நின்னுக்கிட்டு இருக்காரு' என்று பிரித்து எழுதியிருந்தாலும் வாயில் அது ஒரே மூச்சு. நடுவில் இடைவெளி விட்டால் அவசரம் போய்விடும். 'புள்ள' என்பதில் அதட்டலும் பாசமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டாம் வரி இளையவள் பேச்சு. 'லா' மலாயிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னால் சலிப்பு, இறக்கிச் சொன்னால் சமாதானம், வெட்டிச் சொன்னால் கோபம். 'கத்தாதீங்க' என்ற மரியாதைப் பன்மை கோபத்தை அடக்கி வைக்கிறது. ஆகவே இந்த இடத்தில் 'லா' வெட்டி விழக் கூடாது. இத்தனையும் எழுத்தில் இல்லை. எழுத்தாளர் பாதி எழுதினார், மீதியை வாசிப்பவர் எழுத வேண்டும்.

இதோடு நிற்பதில்லை. ஒரே தோட்டத்தில் பல தமிழ்கள் இருந்தன. கணக்கெழுதும் கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளிகள். அவர்கள் தமிழ் தொழிலாளர் தமிழல்ல. தொழிலாளரிலும் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு என்று வேர்கள் வேறு. துரைமார் பேசிய தமிழ் இன்னொரு தினுசு: ஏவல் மட்டும் நிறைந்த தமிழ். 1915இல் இலங்கையில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே துரைமாருக்குக் கைநூல் எழுதினார். இலங்கைத் தேயிலையில் பழகி இந்த மலைக்கு வந்தவர்கள் எந்தத் தமிழோடு வந்திருப்பார்கள் என்பதை அந்தத் தலைப்பே காட்டிவிடுகிறது. தோட்ட நாவல் ஒன்றை முழுதாக வாசிப்பவர் பெரட்டுக்களக் காட்சி ஒன்றிலேயே இந்த நான்கைந்து தமிழுக்குள்ளும் போய்வர வேண்டும். அதிகாரம் எங்கே நிற்கிறது என்பது சொல்லைவிட அந்த வேறுபாட்டில்தான் தெரியும். எல்லாரும் ஒரே தமிழில் பேசினால் பெரட்டுக்களம் அலுவலகக் கூட்டம்போல் ஆகிவிடும்.

6. மனிதக் குரல் என்றால் எந்த மனிதர்?

'இயந்திரத்தால் உணர்ச்சியைக் கொண்டுவர முடியாது' என்பதன் மேல் வாதம் கட்டுவோர் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். குரல் மாதிரிகள் மாறும் வேகத்தைப் பார்த்தால் அந்தச் சுவர் இரண்டு மூன்று ஆண்டுகூட நிற்காது. கிசுகிசுக்கவும் தயங்கவும் சிரிக்கவும் இப்போதே அவற்றுக்குத் தெரிகிறது.

மனிதர் வாசித்தாலே சரியாகிவிடும் என்பதும் பொய். தோட்டத்து மூதாட்டியின் பேச்சைச் சென்னைத் தொலைக்காட்சித் தொடரின் மாமியார் குரலில் வாசித்தால், அது கனி, சூர்யா போன்ற இயந்திரக் குரல் வாசித்ததைவிடப் பெரிய பொய். இயந்திரம் தெரியாததைச் சமனாக வாசித்துவிட்டுப் போகும். நடிகர் தெரியாததையும் தெரிந்ததுபோல் நடிப்பார். இலங்கை மலையகத்தை எழுதிய கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'க்கும், வால்பாறைத் தேயிலையை எழுதிய பி. எச். டேனியலின் நூலுக்கு இரா. முருகவேள் செய்த தமிழாக்கமான 'எரியும் பனிக்காடு'க்கும் இதே பிரச்சினை உண்டு. மூன்று மலைகளிலும் தேயிலை ஒன்று, பேச்சு ஒன்றல்ல.

மனித வாசிப்பின் செலவையும் மறைக்கக் கூடாது. ஒரு மணி நேர ஒலி தயாராவதற்குப் பல மணி நேர உழைப்பு வேண்டும்: முன்வாசிப்பு, பதிவு, தவறிய இடத்தில் மீண்டும் பதிவு, வெட்டல், சரிபார்ப்பு. பிரிஞ்சாங்கில் இன்னொரு தடை கூரை. மலையில் பிற்பகல் மழை பழகிப்போனது. தகரக் கூரையின் கீழ் மழை தொடங்கிவிட்டால் ஒலிவாங்கிக்கு வேறெதுவும் கேட்காது. விடிகாலையில், பெரட்டுக்கு முன், கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும். குளிரில் தொண்டை கட்டிக்கொள்ளும். இயந்திரத்துக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. ஒரு நாவலை அது தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத இளையவருக்கு இன்றிரவே ஒரு புத்தகம் கேட்கக் கிடைக்கிறது என்றால், மனிதக் குரல் வரும்வரை காத்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

7. வெளியுலகச் சந்தை

2023 ஜனவரியில் ஆப்பிள் தன் ஆங்கில நூல்களுக்கு இயந்திர வாசிப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கடைசியில் அமேசான், சுயமாக வெளியிடும் எழுத்தாளர்களுக்குத் தன் ஒலிநூல் தளமான ஆடிபிளில் இயந்திரக் குரலைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு நடுவிலேயே அப்படி வந்த நூல்கள் 40,000ஐத் தாண்டியதாகச் செய்தி வந்தது. 2025இல் இலெவன்லேப்ஸ் குரலில் தயாரான நூல்களை ஸ்பாட்டிஃபை ஏற்கத் தொடங்கியது. இலெவன்லேப்ஸின் பன்மொழிக் குரல் பட்டியலில் தமிழும் இருக்கிறது. எதிர்முனையில் 2005 முதல் தன்னார்வலரை வைத்து உரிமை காலாவதியான நூல்களை வாசித்துவரும் லிப்ரிவாக்ஸ் மனிதக் குரலை மட்டுமே ஏற்கிறது. தமிழ் நூல்களும் அங்கே சில உண்டு.

ஆங்கிலத்தில் இயந்திரம் வருமுன்பே பல்லாயிரம் மணி நேர மனித வாசிப்பு குவிந்திருந்தது. இயந்திரம் அந்தக் குவியலின் மேல் ஏறி நிற்கிறது. தமிழ்நாட்டுத் தமிழில் ஒரு சிறு குவியலாவது உண்டு. மலேசியத் தோட்டத் தமிழில் வானொலிக் கிடங்கில் இருப்பது போக, நூல் வாசிப்பாகச் சொல்லிக்கொள்ள எதுவும் சேரவில்லை.

8. குரலின் உரிமை

தமிழர்களுக்கு இந்த விவகாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒலிநூலல்ல, சினிமா. 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக, காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ. ஆர். ரஹ்மான் இயந்திரத்தால் மீட்டெடுத்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்றதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் அறிவித்தார். அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றிப் போலி செய்வதற்குத் தடை விதித்தது. பெயர் பெற்ற குரலுக்கு வக்கீல் கிடைப்பார். தோட்டத்துப் பாட்டியின் குரலுக்கு?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையைப் பேசுகிறது. இலக்கியப் படைப்பை வாசிப்பதும் அதன் கணக்கில் நிகழ்த்துதலே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் செய்த திருத்தம் பயோமெட்ரிக் தரவைக் கூடுதல் காப்புக்குரிய வகையில் சேர்த்தது. பிடி இருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவு செய்ய வந்தவர் நீட்டும் ஒற்றைத் தாளில் 'எல்லா உரிமைகளும்' என்று ஒரு வரி இருந்து, படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் அந்தப் பிடி நழுவிவிடும். நூறாண்டுக்கு முன் ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சையும் இப்படித்தான் நம்பினார்கள் என்பதைத் தோட்டச் சமூகத்துக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

9. விதைநெல்

இனி என் மையவாதம். ஒரு பதிப்பாளர் தோட்ட நாவல் ஒன்றை ஒலியாக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரக் குரலில் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. உள்ளூர் வாசிப்பாளரைத் தேடிப் பிடித்துப் பழக்கி வாசிக்கவைத்தால் மாதங்களும் பணமும் போகும். விற்பனையோ சொற்பம். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. 'இப்போதைக்கு இது இருக்கட்டும்' என்பார். ஒலிவடிவம் என்று ஒன்று வந்துவிட்டபின் இரண்டாவது வடிவத்துக்கு யார் செலவழிப்பார்கள்?

அந்த 'இப்போதைக்கு' நீளும் ஆண்டுகளில், பெரட்டுத் தமிழையும் கிராணித் தமிழையும் காதால் கேட்டு வளர்ந்த தலைமுறை போய்விடும். பிறகு இயந்திரம் எவ்வளவு வல்லமை பெற்றாலும் கற்றுக்கொள்ள மூலம் இருக்காது. இது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது. பசிக்கிறவர் செய்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த போகத்துக்கு ஒரு மரக்காலாவது எடுத்து வைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இதற்கு மறுப்பு ஒன்று வரும்: சும்மா பேசும் பேச்சைப் பதிவு செய்தாலே போதும், நாவலை வாசிக்கவைக்க வேண்டியதில்லையே? மோசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற திட்டங்களில் யாரும் கைப்பேசியிலிருந்தே குரல் கொடுக்கலாம். தமிழ் அங்கே இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அங்கே வாசிப்பது துண்டு வாக்கியங்கள். கதைசொல்லியின் திறமை, எழுத்து நடையிலிருந்து பேச்சுக்கு இறங்குவதும், ஒருவர் பேச்சிலிருந்து இன்னொருவர் பேச்சுக்குத் தாவுவதும், எப்போது வேகம் எப்போது நிதானம் என்பதும், நீண்ட வாசிப்பில் மட்டுமே பதியும். அன்று லயத்தில் நாளிதழைப் பேச்சாக்கிப் படித்துக் காட்டியவரின் கலையும் அதுதான். அவரை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

10. வேலைப் பங்கீடு

இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டியதை முழு மனதோடு கொடுத்துவிடலாம். அரசுச் சுற்றறிக்கை, தொழிலாளர் சட்டம், மருந்துக் குறிப்பு, நாளிதழ், பாடநூல் எல்லாம் இயந்திரம் வாசிக்கட்டும். பார்வையற்ற தமிழ் வாசகர்கள் பல ஆண்டுகளாகவே ஈஸ்பீக் என்ற வாசிப்பு மென்பொருளின் கரகரத்த தமிழைப் பல மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் படித்துவருகிறார்கள். அவர்களுக்குத் தேவை நடிப்பல்ல, உடனே கிடைப்பது. பார்வையற்றோருக்கான நூல் வடிவங்களை எளிதாக்கும் மராகேஷ் உடன்படிக்கையில் இந்தியா 2014இலும் மலேசியா 2022இலும் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த வாசலை அகலத் திறக்கச் சட்டத் தடையும் குறைவு. கைப்பேசியில் குரலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், அலைவரிசை எட்டாத சரிவிலும் அது வேலை செய்யும்.

தோட்டக் கதைகளில் ஒரு சிலவற்றையாவது மனிதர் வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் என்று கேட்டால் எதுவும் நடக்காது. பேச்சு மிகுந்த, பல தமிழ்கள் மோதுகிற நாவல்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். விவரிப்பே மிகுந்தவை காத்திருக்கலாம், அல்லது இயந்திரத்துக்குப் போகலாம். ஒரே நூலில் விவரிப்பை இயந்திரமும் உரையாடலை மனிதரும் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றி நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. விவரிப்பவர் குரலுக்கும் பாத்திரத்தின் குரலுக்கும் இடையே உள்ள உறவே தமிழ்க் கதையில் பாதிச் சுவை. ஆனாலும் செய்து பார்ப்பதைத் தடுக்கமாட்டேன்.

வாசிப்பவர்களை வெளியே தேட வேண்டாம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடிப்பவர்கள், கூத்தில் வேடம் கட்டியவர்கள், தோட்டத்தை விட்டு இறங்கிய பின்னும் தோட்டத் தமிழ் மாறாதவர்கள் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத மூத்தவரைக்கூடப் பயன்படுத்த வழி உண்டு: பக்கத்தில் ஒருவர் வரியைச் சொல்லச் சொல்ல, அவர் தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லட்டும். அச்சில் இருப்பதிலிருந்து அவர் விலகும் இடங்களைத் திருத்தாமல் அப்படியே வைக்க வேண்டும்.

ஒப்பந்தத் தாள் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று, இந்த வாசிப்பை மக்கள் கேட்க அனுமதி. மற்றொன்று, இந்தக் குரலைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்க அனுமதி. அதற்குத் தனிக் கூலி, தனிக் காலவரை, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் உரிமை. முதல் தாளில் கையெழுத்திட்டவர் இரண்டாவதை மறுத்தாலும் பதிவு நடக்க வேண்டும். இரண்டையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். அந்த வாசிப்பை இயந்திரம் செய்தாலும் எனக்கு மறுப்பில்லை.